தொப்பி கழற்றிய வீடு

இசோனே, அக்டோபர் 6

மகள் ஷிஹோவுக்கு,

தொமெகிச்சி சொல்லச் சொல்ல, முடிவெட்டும் உமேமட்சு எழுதுவது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் என்னைக் கணவாய் மீன் பிடிக்கிற படகில் ஏற்றிவிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் தலை நரைத்திருந்தது.

உன் கடிதத்தை உமேமட்சு அவன் கடையில் வைத்துத்தான் படித்தான். பாதித் தலை வெட்டிய நிலையில் ஒருவர் நாற்காலியில் காத்திருந்தார், அவரும் கேட்டார். தப்பாக நினைக்காதே. நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த ஊரில் யாருக்கும் சுவர் இல்லை, அதனால் ரகசியமும் இல்லை.

இரண்டு சேதி எழுதியிருக்கிறாய். என் மகன் தகுமாவின் மனைவி என்ற முறையில் எங்கள் குடும்பத்தோடு உனக்குள்ள உறவை முடித்துக்கொள்ள நகராட்சியில் ஒரு தாள் கொடுக்கப் போகிறாய் என்பது முதல் சேதி. அப்படி ஒரு தாள் இருப்பதே எனக்குத் தெரியாது. உமேமட்சுவைக் கேட்டேன்.

"இருக்குய்யா. புருஷன் செத்தப்புறம் அவன் வீட்டாரோட உறவு வேண்டாம்னா எழுதிக் குடுத்துடலாம். உன் சம்மதம்கூடத் தேவையில்ல."

"அப்ப எனக்கு ஏன் சொல்றா?"

"மரியாதைக்கு."

"முகத்தில அடிச்சிட்டு மரியாதையா?"

"நான் எழுதல, படிச்சேன். என்மேல ஏன் பாயற?" என்றான்.

இரண்டாவது சேதி, நீங்கள் செய்கிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து நம் வீட்டை எடுத்துவிடப் போகிறாய். இது எனக்குப் புரிந்தது, அதனால் அதிகமாக வலித்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் உட்கார்ந்து கட்டிய வீடு அது. லீவு கிடைத்தபோதெல்லாம் தகுமா இங்கே வந்து, அளவு நாடாவோடு தரைப்பலகைக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருப்பான். ஒருநாள் ஒட்டடை தலையெல்லாம் மூடி வெளியே வந்தான். "டேய், வெள்ளை முக்காடு போட்ட கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கடா" என்றேன். "மாப்பிள்ளை பாருங்கப்பா" என்றான்.

அவன் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் வீட்டுத் தூண் கல்லின்மேல் சும்மா நிற்கிறது. ஆணி இல்லை, கட்டு இல்லை. படகும் அப்படித்தான், இறுக்கிக் கட்டினால் அலையில் உடையும். குறுக்குச் சட்டம் தூணுக்குள் நுழைந்து ஆப்பில் நிற்கிறது, ஆடினால் முனகும். ஓடு களிமண்ணில் படுத்திருக்கிறது. என் அப்பா சொல்வார்: "பூமி ஆடினா வீடும் ஆடும். தாங்கலேன்னா தொப்பியக் கழட்டும். ஓடு மொத்தமும் சரிஞ்சு, தலைபாரம் கொறைஞ்சு நிக்கும். அது கழட்டி முடிக்கிற வரைக்கும் நடுத்தூணப் பிடிச்சுக்கிட்டு உள்ளயே இரு. கூரை வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற இறவாணத்துக்கு அடியில மட்டும் போகாதே." இதைக் கேட்டு நான் வளர்ந்தேன். தகுமாவும் வளர்ந்தான். இதைத்தான் விளையாட்டிலும் வைத்தான்.

மே நாலாம் தேதி வீடு அப்படியே செய்தது, சரிந்த ஓட்டுக்கு அடியில் தகுமா இருந்தான். உனக்குத் தெரியும்.

வீடு நிற்கிறது. கல்லின்மேல் ஒரு சாண் நகர்ந்து, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கியதுபோல் நிற்கிறது. மண்சுவர் கொட்டி, உள்ளே மூங்கில் விலா எலும்புபோல் தெரிகிறது. கூரைமேல் நீலத் துணி கட்டியிருக்கிறது. கல்லறைக் கற்கள் எல்லாம் சாய்ந்துபோனதால் தகுமாவின் அஸ்தியை இன்னும் அடக்கம் செய்யவில்லை. புத்தர் மாடத்தில் அவன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். காலையில் சோறு வைக்கிறேன்.

நீ ஏன் வருவதில்லை என்று கேட்கமாட்டேன். உறவை ஏன் முறிக்கிறாய் என்று மட்டும் கேட்கிறேன். அவன் போய் நான் இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா? அதுதான் காரணம் என்றால் எழுது. எனக்கும் பொறுக்கவில்லை.

தொமெகிச்சி

(கையெழுத்துக்குப் பதில் விரல் ரேகை வைக்கிறேன் என்று அடம்பிடித்தார். நான்தான் விடவில்லை. உமேமட்சு)


கியோத்தோ, அக்டோபர் 17

அப்பா அவர்களுக்கு,

நீங்கள் இருப்பது எனக்குப் பொறுக்காமல் இல்லை. அப்படி நினைத்தீர்கள் என்று படித்ததும் வேலையை விட்டுவிட்டு வெளியே போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். காரணத்தை எழுதிவிடுகிறேன். உமேமட்சு அவர்களே, இதைக் கடையில் யாரும் இல்லாதபோது படியுங்கள்.

அன்று மத்தியானம் நான்தான் தகுமாவுக்குப் போன் செய்தேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று முற்றத்துக்கு வந்து, சீமைப்பனிச்சை மரத்தடியில் நின்று பேசினான். சின்னச் சண்டை. விளையாட்டு வெளியாகும் தேதி நெருங்குகிறது, நீ மட்டும் லீவில் இருக்கிறாய், எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆடியது. அவன் பயப்படவில்லை. "ஷிஹோ, வருது, பெரிசா வருது. வீட்டப் பாரேன், நாம பண்ணின மாதிரியே ஆடுது" என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது.

அவன் நின்ற இடத்தில் அவன்மேல் விழ ஒன்றுமே இல்லை. அதை அப்புறம்தான் யோசித்தேன்.

நான், "அப்பா எங்கே?" என்றேன்.

"உள்ள. நடுத்தூண்கிட்ட."

"போய் வெளிய கூட்டிட்டு வா."

"அவர் உள்ள இருக்கிறதுதான் நல்லது."

"வயசான மனுஷனை உள்ள விட்டுட்டு வேடிக்கை பார்க்கிறியா? போ தகுமா."

போனான்.

நான் ஒன்பதாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். ஆடினால் வெளியே ஓடு என்பதுதான் என் உடம்புக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்த வீட்டின் ஒவ்வொரு ஆப்பையும் நானும் வரைந்தேன். ஓடு எப்படிச் சரியும் என்பதை அவன் என் மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்தான். அத்தனையும் என் கைக்குத் தெரிந்தது, என் வாய்க்குத் தெரியவில்லை.

விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். மற்ற கம்பெனிகளில் கட்டடம் விழுவதைப் படமாக வரைந்து வைப்பார்கள். தகுமா அப்படிச் செய்யவில்லை. மண்ணுக்கு மண் எடை, ஓட்டுக்கு ஓட்டின் எடை என்று ஒவ்வொன்றுக்கும் கொடுத்தான். பூமியை ஆட்டினால் விழுவதா நிற்பதா என்று வீடே முடிவுசெய்யும். நடுத்தூணுக்குப் பக்கத்தில் காய்ந்த கணவாயை மென்றுகொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூன் மாதம் வேலைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், அந்த ஓடுகளுக்கெல்லாம் ஆணி அடித்தது. ஒன்றும் விழக்கூடாது என்று. பூமியை ஆட்டினேன். ஓடு விழவில்லை. கூரை பாரத்தோடு அப்படியே நின்றது, தூண்கள் கல்லைவிட்டு வழுக்கின, வீடு கிழவர்மேல் உட்கார்ந்துவிட்டது. ஆணியைப் பிடுங்கினால் கிழவர் பிழைக்கிறார், முற்றத்து ஓரத்தில் ஓடு கொட்டுகிறது. சுவரைத் தடியாக்கிப் பார்த்தேன். ஓட்டை மெல்லியதாக்கிப் பார்த்தேன், அது நம் வீடாக இல்லை. ஓடும் விழக்கூடாது, வீடும் விழக்கூடாது. மாதக்கணக்கில் செய்துபார்த்தேன் அப்பா, அப்படி ஒரு வீடு வரவில்லை.

அதனால்தான் எடுத்துவிடுகிறேன் என்றேன். அலுவலகத்தில் யாரும் தடுக்கவில்லை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் முகத்தைப் பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தத் தாளுக்குக் காரணம் இதுதான், வேறில்லை.

ஷிஹோ


இசோனே, அக்டோபர் 29

மகளே,

கடையைப் பூட்டிவிட்டுத்தான் படித்தான். படித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தான், அது அழுக்காகவே இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ நினைத்துக்கொண்டிருப்பது தப்பு. அவன் உன் பேச்சைக் கேட்டு வரவில்லை. நான் கூப்பிட்டு வந்தான்.

ஆட ஆரம்பித்ததும் நான் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. அவன் மரத்தடியில் போனும் கையுமாக நிற்பது தெரிந்தது. எங்கள் ஆள் ஒருத்தன் வெளியே நின்றால் எனக்கு மனசு ஒப்புமா? "தகுமா, உள்ள வாடா, அங்க நிக்காதே" என்று ஒரு கத்துக் கத்தினேன். படகில் கத்திப் பழகிய தொண்டை, காற்றையும் மீறிக் கேட்கும். அவன் சின்ன வயசிலிருந்தே நான் ஒரு அதட்டல் போட்டால்தான் நகர்வான். அந்த அதட்டலுக்குத்தான் வந்தான். நீ போனில் சொன்னது அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

அவன் எப்போது பெண்டாட்டி சொல் கேட்டிருக்கிறான், நீயே சொல். தலைமுடியை வெட்டு என்று மூன்று வருடம் சொன்னாய். வெட்டினானா? அவன் முடி இருந்த லட்சணத்துக்கு உமேமட்சு இன்னும் வருத்தப்படுகிறான்.

அதனால் இது உன் கணக்கில் இல்லை, என் கணக்கில். பாரத்தை இறக்கிவை. அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

விளையாட்டைப் பற்றி. ஓட்டுக்கு ஆணி அடித்துவிடு. வீடு கிழவன்மேல் விழுந்தால் விழட்டும். எண்பத்து மூன்று வயசுக்காரன்மேல் வீடு விழுவதில் யாருக்கும் குறையில்லை, அதுவும் படத்தில். எனக்குப் பூரண சம்மதம். அங்கேயாவது தகுமா முற்றத்தில் நிற்கட்டும். அவன் செய்த வீட்டை மட்டும் எடுத்துவிடாதே. நிஜ வீட்டை நகராட்சி எப்போது இடிக்கச் சொல்லுமோ தெரியாது, வாசலில் எச்சரிக்கை என்று மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

புத்தாண்டுக்கு வா. குளிருக்கு நண்டு நன்றாக இருக்கும். நீ வந்தால் குளிர்காய இரண்டு அடுப்பு வைப்பேன். வரும்போது என்னை அப்பா என்றே கூப்பிடு. அப்படிக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவன் மாடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

தொமெகிச்சி


கியோத்தோ, நவம்பர் 12

அப்பா,

போன் அணையவில்லை.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. போ தகுமா என்று நான் சொன்னபிறகு அவன் போனைக் கையில் பிடித்தபடியேதான் ஓடினான். என் பக்கம் நானும் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் மூச்சு கேட்டது. சட்டங்கள் முனகுவது கேட்டது, நாங்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிற அதே முனகல். பிறகு ஓடுகள். சமையலறையில் ஒரு அலமாரித் தட்டுகள் மொத்தமும் சரிவதுபோல், விடாமல் சரிந்துகொண்டே இருந்தன.

நீங்கள் கத்தவில்லை அப்பா. எந்தக் குரலும் இல்லை. என் குரல்தான் கடைசிக் குரல்.

ஓடு ஓய்ந்து எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒன்றுமே கேட்கவில்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்புறம் உங்கள் காலடி. அப்புறம் நீங்கள் பேசினீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது, அல்லது இருக்கும். உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். "தகுமா, செருப்பு போட்டுக்கிட்டு வாடா, ஓடு கால்ல குத்தும்" என்றீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்கு அப்போது தெரியவில்லை. அதை இரண்டு தடவை சொன்னீர்கள். மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கேட்டதை நான் எழுதமாட்டேன். அது உங்களுடையது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு கணம் நம்பிவிட்டேன் என்றால் என்ன சொல்வீர்கள்? எல்லாவற்றையும் காதால் கேட்டவள், ஒரு கணம், உண்மையாகவே நீங்கள்தான் கூப்பிட்டீர்களோ என்று நினைத்தேன். அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்பதைப் பார்த்தபிறகு எனக்கு என்னையே பிடிக்கவில்லை. பெற்ற மகனைக் கொன்ற பழியை ஒருவர் எனக்காக எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார், நான் அதை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து நண்டு தின்னவேண்டும். முடியாது அப்பா. நீங்கள் என்மேல் கோபப்பட்டிருந்தால் வந்திருப்பேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "குடும்பப் பேரையும் மாத்தணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவன் பெயர் எனக்கு இருக்கட்டும். அஸ்தியில் எனக்கும் பங்கு கேட்கமாட்டேன். அவன் அங்கேயே, உங்களோடும் அம்மாவோடும் இருக்கட்டும்.

விளையாட்டிலிருந்து வீட்டை எடுக்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன். நீங்கள் சம்மதம் கொடுத்தீர்கள், ஆனால் அந்த வீடு உங்கள்மேல் விழுவதை நான் ஏற்கனவே எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை பார்க்கமுடியாது. ஓடு சரியும். வீடு நிற்கும். கிழவர் பிழைப்பார். முற்றத்தில் யாரையும் வைக்கவில்லை.

தேதி தள்ளிப்போய் ஜனவரியில் வெளியாகிறது. உமேமட்சு அவர்கள் கடை முகவரிக்கு ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

குளிர் வருகிறது. சுவர் இல்லாத பக்கம் படுக்காதீர்கள்.

ஷிஹோ


இசோனே, ஜனவரி 30

ஷிஹோவுக்கு,

மகளே என்று சொன்னேன், உமேமட்சு பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். சட்டப்படி இப்போது அப்படி எழுதலாமா என்று அவனுக்குச் சந்தேகம். சரி, பேரை மட்டும் எழுது என்றேன்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. போன கடிதத்தில் நான் சொன்னது பொய்தான். அன்றைக்கே உமேமட்சு எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏன்யா இப்படி?" என்றான். "எழுதுடா" என்றேன். "அவ கண்டுபிடிச்சுட்டா?" "போன்ல பேசிட்டிருந்தவ, அவளுக்கு என்ன தெரியப்போவுது?" என்றேன். போன் திறந்தே இருக்கும் என்று ஒரு கிழவனுக்கு எப்படித் தெரியும். எங்கள் காலத்தில் ஆள் போனால் பேச்சும் போய்விடும்.

நான் கத்தவில்லை என்பது உண்மை. வாயில் கணவாய்த் துண்டு இருந்தது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் வருவதைப் பார்த்தேன். வராதே என்றும் சொல்லவில்லை. கிட்ட வருகிறானே என்று எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. நீ ஒருத்தியே அவனை அனுப்பவில்லை. அவனே வந்தான். அப்பனிடம் வந்தான். இது பொய்யில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், அப்போது போதாது என்று பட்டது.

விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. உமேமட்சுவின் மகன் நகரத்துக்குப் போகும்போது விட்டுப்போன விளையாட்டுக் கருவியைத் தூசி தட்டிக் கடை டிவியில் மாட்டினோம். ஆட்டம் ஆடுகிறவன் உமேமட்சுதான். ஆனால் கை தலைமுடிக்குப் பழகிய கை, இதற்கு வளையவில்லை. கிணற்றில் விழுந்தான். யாரோ ஒரு வீரன் வந்து வெட்டினான். மறுபடி கிணற்றில் விழுந்தான். "கிணத்துல என்னய்யா தேடற, கத்தரிக்கோலா?" என்று கேட்டேன். நம் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

வீட்டைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டோம். நடுத்தூணில் தகுமா சின்ன வயசில் கத்தியால் கீறிய கோடுகூட இருக்கிறது. மண்சுவர் கொட்டாமல் இருக்கிறது. ஊரில் எந்த வீட்டிலும் இப்போது அப்படி ஒரு சுவர் இல்லை. நான் அங்கே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தேன். உமேமட்சு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "அவனுக்கு முடி நல்லா வெட்டியிருக்கு" என்றான்.

பிறகு ஆடியது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வீடு முனகியது. சாய்ந்தது, நிமிர்ந்தது. தொப்பியைக் கழற்றியது. ஓடு சரிகிற பக்கத்தில் உமேமட்சு கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. முற்றம் காலியாக இருந்தது, நீ சொன்னபடியே. ஓடு ஓய்ந்தது. தூசி அடங்கியது. வீடு நின்றது.

அந்தக் கிழவன் எழுந்தான். அவன் எழுந்திருப்பான் என்று நீ எனக்கு எழுதவில்லை. முழங்காலில் கையூன்றி, நான் எழுந்திருப்பதுபோலவே எழுந்து, வாசலுக்கு வந்து, இறவாணத்துக்கு இந்தப் பக்கமே நின்று முற்றத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேசினான்.

"எல்லாரும் இருக்கீங்களாடா?"

என் குரல். ஆனால் நான் அப்படிப் பேசி எங்கேயும் பதிவு செய்து கொடுத்ததில்லை. உமேமட்சு என் வாயைப் பார்த்தான். எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது தகுமா அவன் அம்மாவைச் சிரிக்கவைக்க மூக்கை இறுக்கிக்கொண்டு என்னைப்போலப் பேசிக்காட்டுவான். "டா"வை இழுப்பான். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரிப்பாள். நான் கோபப்படுவதுபோல் இருப்பேன். அதே இழுப்பு. தற்காலிகமாகப் பேசி வைத்திருப்பான், பிறகு நடிகர் யாரையாவது வைத்துப் பேச வைக்கலாம் என்று. நீ மாற்றாமல் விட்டிருக்கிறாய்.

முற்றத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. கிழவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டான். உமேமட்சு கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டான். யாரும் எதையும் அழுத்தாததால் கிழவன் அங்கேயே நின்று, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எல்லாரும் இருக்கீங்களாடா?"

கடையில் வேறு யாரும் இல்லை.

"இருக்கேன்டா" என்றேன்.

தொமெகிச்சி